ஏணிக் கணக்கு



இவ்விதழில் சங்கப் பாடல் ஆராய்ச்சியும் கவிதையும் சிறுகதையும் வருவதே வழக்கம். பௌதிகம் படிக்கும் நான் அந்த வரிசையில் வந்து அமர்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சென்ற ஆண்டு செப்டம்பரில் ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றிற்று. அதற்கு இதைவிடத் தக்க இடம் எனக்குத் தெரியவில்லை. நம்மில் பெரும்பாலோர் வாடகை அறைகளில் வாழ்கின்றோம். மழை வந்தால் ஒழுகும் கூரைகளின் கீழ்தான் படிக்கின்றோம். ஆதலின் இது நம் எல்லோருக்கும் உரிய பாடம்.

கூரையின் விளிம்பில் மழைநீரை ஏந்திச் சென்று குழாயில் இறக்கும் தகர ஓடை ஒன்று இருக்கும். இலங்கைத் தமிழர் இதனைப் 'பீலி' என்று அழகாகக் கூறுகின்றனர். நாம் தூம்பு என்போம். இத்தூம்பு இலையாலும் சருகாலும் அடைபட்டால் என்ன நேரும்? தண்ணீர் வழியும், சுவர் ஊறும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2022 செப்டம்பர் 4, 5 தேதிகளில் பெங்களூரில் 24 மணி நேரத்தில் 131.6 மி.மீ. மழை பதிவாயிற்று. நம் நகரில் வழக்கமான முப்பதடிக்கு நாற்பதடி மனையின் பரப்பு ஏறத்தாழ 111 சதுர மீட்டர். மனை முழுவதும் கூரை என்று கொண்டால், அன்று அதன் மேல் விழுந்த நீர் 14,600 லிட்டருக்கு மேல். விலைக்கு வரும் 6,000 லிட்டர்த் தண்ணீர் வண்டிகள் இரண்டைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் கவிழ்த்தாலும் அதற்கு ஈடாகாது! இந்நீர் முழுவதும் இரண்டு அல்லது மூன்று குழாய்களின் வழியாகத்தான் இறங்க வேண்டும். அக்குழாய்களின் வாயை ஒரு பால் கவர் அடைத்துக்கொண்டால் நீர் கைப்பிடிச் சுவருக்குள் தேங்கும். 15 செ.மீ. தேங்கினால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 150 கிலோ சுமக்கின்றது. மனிதர் நடமாடும் மாடிக்கென்று பொறியாளர் வழக்கமாகக் கணக்கிடும் மேற்சுமையும் அவ்வளவுதான். பால் கவர் ஒன்று ஒரு கூரையின் முழுச் சுமையையும் வரவழைத்துவிடுகின்றது.

ஆகவே தூம்பைத் துப்புரவு செய்யத்தான் வேண்டும். பெங்களூரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009 இல் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தி, 2,400 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் இருக்கும் வீடுகளுக்கும், 1,200 சதுர அடி முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினர். சென்னையில் 2003 இலேயே இது வந்துவிட்டது. குழாய் பொருத்தினார்கள், வடிகட்டி வைத்தார்கள். அவற்றை ஆண்டுக்கு இருமுறை யார் ஏறித் துலக்குவது என்பதை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை. அது வழக்கம்போல் ஏணி வைத்திருக்கும் ஓர் ஏழையின் பங்காகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கொத்து வேலை, வண்ணம் பூசுதல், தண்ணீர்த் தொட்டி கழுவுதல் ஆகிய எல்லாம் செய்வார். அவரை நான் அண்ணன் என்றே அழைப்பேன். ஈஜிபுராவின் சந்துகளில் காலையில் நடந்தால் தேநீர்க் கடையில் பாதிப் பேச்சு தமிழாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பேச்சில் ஒரு குரல் அவருடையது.

வீட்டின் பின்புறத்தில் சமையற்கட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்ட தாழ்வாரம் ஒன்று உண்டு. அதன் விளிம்பில்தான் அடைபட்ட தூம்பு. முதல் நாள் இரவு மழையில் அது நிரம்பி என் அறைச் சுவரெல்லாம் ஊறிவிட்டது. வீட்டுக்காரர் கன்னடர், நல்லவர். அண்ணனை அழைத்து நானூறு ரூபாய் பேசினார். அண்ணன் நாலு மீட்டர் நீள மூங்கில் ஏணியைக் கொணர்ந்தார். சுவரோரம் துணி துவைக்கும் கல் இருந்தமையால் ஏணியின் காலைக் கல்லுக்கு இப்பால், சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஊன்றினார். தரையோ சிமெண்டு. அதன் மேல் பாசியும், நெடுநாள் சோப்பு நீரும்.

“தம்பி, செத்த ஏணி மேல கால வச்சு நில்லு” என்றார். நின்றேன். பாதி ஏறினார், ஏணி அசையவில்லை. “வாளி கீழயே நின்னுபோச்சு, எடுத்துக் குடு” என்றார். நான் காலை எடுத்தேன். வாளி நாலடி தூரத்தில் இருந்தது. குனிந்த வேளையில் கைப்பேசியும் ஒலித்தது. அதை எடுத்துப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகின்றேன். அதற்குள் அவர் இன்னும் ஒரு படியோ இரண்டு படியோ ஏறியிருக்கிறார். ஏணியின் கால் சர்ரென்று பின்னோக்கி ஓடிற்று. திரும்பிப் பார்க்கையில் அவர் துவைகல்லின் பக்கத்தில் கிடந்தார்.

இடக் குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. இடுப்பிலும் அடி. அன்றிரவு மருத்துவமனை நடைவழியில் அமர்ந்திருந்தேன். அவருடைய மனைவி ஒரு சொல்லும் பேசாமல் எதிரே இருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு இல்லை. பையில் இருந்த குறிப்பேட்டை எடுத்து, இளங்கலை முதலாண்டில் பத்து மதிப்பெண்ணுக்கு நான் பிழையறப் போட்ட ஏணிக் கணக்கை மறுபடியும் போட்டேன். ஏணிக் கணக்கு போடாத பௌதிக மாணவன் இல்லை. அதில் வரும் ‘ஒரு மனிதன்’ யாரென்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

கணக்கு இதுதான். சாய்த்து வைத்த ஏணியை அதன் எடையும் ஏறுபவரின் எடையும் கீழே தள்ளுகின்றன. சுவர் அதனை வெளிப்பக்கம் தள்ளுகின்றது. வெளியே போகவிடாமல் காலடியில் பிடித்து வைப்பது தரையின் உராய்வு ஒன்றே. சுவரின் தள்ளலை உராய்வு ஈடுகட்டும் வரையில் ஏணி நிற்கும். காலடியைச் சுற்றித் திருப்புத்திறன்களைச் சமன் செய்தால் மூன்று உண்மைகள் கிடைக்கின்றன. ஏணி எவ்வளவு படுக்கையாகச் சாய்ந்திருக்கின்றதோ அவ்வளவு அதிக உராய்வு வேண்டும். மனிதன் எவ்வளவு மேலே ஏறுகின்றானோ அவ்வளவு அதிக உராய்வு வேண்டும். காலடியில் சுமை கூடக் கூட, வேண்டிய உராய்வுக் குணகம் குறையும்.

அண்ணன் 60 கிலோ, ஏணி 15 கிலோ என்று வைத்துக்கொண்டேன். நாலு மீட்டர் ஏணியின் கால் இரண்டு மீட்டர் தள்ளியிருந்தால் சாய்வு 60 பாகை. ஏணியின் கால் பங்கு உயரத்தில் அவர் நிற்கும்போது வேண்டிய உராய்வுக் குணகம் 0.17. பாதியில் நிற்கும்போது 0.29. மூன்றில் இரண்டு பங்கில் 0.37. உச்சியில் 0.52. பாசி பிடித்த அந்தத் தரை 0.37 வரையில் தாங்கியிருக்கின்றது, அதற்கு மேல் தாங்கவில்லை. ஏறுமுன் அடிப்படியில் நின்று ஏணியை ஆட்டிப் பார்த்து, “கெட்டியா இருக்கு” என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அந்தச் சோதனை ஒன்றையும் சோதிப்பதில்லை என்பது இதனால் விளங்கும். ஏணி கீழே நிற்கையில் காட்டும் விசுவாசம் மேலே போனதும் மாறிவிடுகின்றது.

இனி அடுத்த வரி. அறுபது கிலோ எடையுள்ள இன்னொருவர் அடிப்படியில் முழு எடையையும் வைத்து நின்றிருந்தால்? தரையை அழுத்தும் எடை 75 கிலோவிலிருந்து 135 ஆகின்றது. அவர் காலடியிலேயே நிற்பதால் ஏணியைத் திருப்பும் வேலையில் அவருக்குப் பங்கு இல்லை என்றே கொள்ளலாம். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் வேண்டிய குணகம் 0.20 ஆகக் குறைகின்றது. உச்சிக்கே போயிருந்தாலும் 0.29 தான்.

என் எடை 62 கிலோ.

அந்த விடையை எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். கையால் பற்றிக்கொண்டிருப்பது வேறு, படியில் ஏறி நிற்பது வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கைப்பிடி பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கும். கால் ஓடுவதைத் தடுப்பது காலடி எடைதான். அண்ணன் எந்தக் கல்லூரிக்கும் போகாமல் “கால வச்சு நில்லு” என்று சரியாகத்தான் சொன்னார்.

நாலுக்கு ஒன்று என்பது உலகெங்கும் வழங்கும் விதி. நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளிக் காலை ஊன்ற வேண்டும். சாய்வு ஏறத்தாழ 76 பாகை வரும். நாலு மீட்டர் ஏணிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்போது உச்சியில் நிற்பவருக்கும் 0.23 போதும். துவைகல் குறுக்கே இருந்தால் ஏணியை இடம் மாற்ற வேண்டுமே அன்றிச் சாய்வை மாற்றக் கூடாது. ஏணியின் தலையைத் தூம்பின் மேலேயே சாய்ப்பது இன்னொரு தவறு. தகரம் நெளியும், ஆணி பிடுங்கும். சுவரிலோ உறுதியான விட்டத்திலோ சாய்த்து, கயிற்றால் கட்டிவிட வேண்டும். கூரைக்கு ஏணியிலிருந்து இறங்கி நடப்பதானால் தலை விளிம்புக்கு மேல் மூன்றடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையேல் பிடித்து இறங்க ஒன்றும் இராது. இரு கையும் ஒரு காலும், அல்லது இரு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். எட்டாத இடத்தை எட்டிப் பிடிக்காமல் இறங்கி ஏணியை நகர்த்துவது சோம்பேறித்தனத்துக்குக் கசப்பான மருந்து. வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறுவதைவிடக் கயிற்றில் இழுத்துக்கொள்வது நலம். அன்று வாளியில் கயிறு கட்டி மறுமுனையை அவர் இடுப்பில் செருகியிருந்தால் என்னை அவர் கேட்டே இருக்க மாட்டார்.

விழுந்த உயரம் இரண்டே கால் மீட்டருக்குச் சற்று மேல். ஓர் ஆள் உயரத்தைவிட மிக அதிகம் இல்லை. தடையின்றி விழுந்தால் முக்கால் வினாடிக்குள் தரை. வேகம் மணிக்கு ஏறத்தாழ 24 கி.மீ. ஓடும் மிதிவண்டியிலிருந்து குதிகாலால் சுவரில் மோதுவது போன்றதே அது. இரண்டு மாடி உயரமான ஆறு மீட்டரிலிருந்து விழுந்தால் மணிக்கு 39 கி.மீ. ‘கொஞ்ச உயரந்தானே’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்த எண்கள் நினைவுக்கு வருகின்றன.

ஷீட்டுக் கூரையைப் பற்றிச் சில சொற்கள். பார்வைக்குக் கல்லைப் போல் இருக்கும் அந்தத் தகட்டின் கனம் வழக்கமாக 6 மி.மீ. தான். வெயிலிலும் மழையிலும் பல ஆண்டு கிடந்தால் அது எச்சரிக்கை தராமல் உடையும். மரக்கிளையாவது முறிவதற்கு முன் சத்தமிடும்; ஷீட்டு அந்த மரியாதையும் காட்டாது. அதன் மேல் நடப்பதைத் தவிர்ப்பதே முறை. தவிர்க்க இயலாவிடில், ஆணி வரிசை எங்கே தெரிகின்றதோ அங்கேதான் கீழே விட்டம் இருக்கின்றது. இரண்டு மூன்று விட்டங்களின் மேல் படியுமாறு நீளப் பலகை போட்டு, பலகையின் மேல்தான் கால் வைக்க வேண்டும். உலர்ந்த ஷீட்டைத் துடைப்பத்தால் தேய்ப்பதும் தீது. கல்நார் இழை காற்றில் கலந்து நுரையீரலில் தங்கும், பல்லாண்டு கழித்து நோயாகும். நனைத்து, மென்மையாக வழித்தெடுக்க வேண்டும்.

ஈஜிபுராவின் சந்துகளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு, அது மின்கம்பி. மாடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கம்பிகள் செல்லும் தெருக்களை நாம் நாள்தோறும் கடக்கின்றோம். அலுமினிய ஏணியைத் தூக்கி நிமிர்த்தும் போது அதன் தலை எங்கே போகின்றது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நனைந்த உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால் பாயும் மின்னோட்டம் 0.23 ஆம்பியர். இதயத்தை நிறுத்த அதில் பாதியே போதும். 11,000 வோல்ட்டுக் கம்பியைத் தொடவும் வேண்டியதில்லை, நெருங்கினாலே பொறி தாவும். மூன்று மீட்டருக்குள் எந்த ஏணியும் கம்பும் போகக் கூடாது. 2025 மே 19 அன்று, நமக்கு அருகிலுள்ள பி.டி.எம். லேஅவுட்டில் ஓர் அடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் புகுந்த மழைநீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது மின்சாரம் தாக்கி இருவர் இறந்தனர். ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். மழையும் மின்சாரமும் சேருமிடத்தில் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பதுதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் சுவிட்சை வீட்டுக்காரரிடம் வற்புறுத்திக் கேளுங்கள். வாடகை கொடுப்பவனுக்கு அந்த உரிமை உண்டு.

தூம்பின் நீர் கீழே இறங்கித் தெருச் சாக்கடையையும் அதன்பின் ராஜகால்வாயையும் சேர்ந்து, கோரமங்களாப் பள்ளத்தாக்கு வழியே பெல்லந்தூர் ஏரிக்குச் செல்கின்றது. வழியில் அடைபட்டால் மூடியைத் திறந்து இறங்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இன்றும் இருக்கின்றனர். இதற்குப் பாதுகாப்பான முறை என்று நான் ஒன்றும் கூறப் போவதில்லை. அங்கே மனிதன் இறங்கவே கூடாது. அழுகும் கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தேங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று எண்ணுபவன் மறு நொடியில் விழுகின்றான், தூக்க இறங்குபவனும் விழுகின்றான். 2017 மார்ச்சில் நம் நகரின் சி.வி. ராமன் நகரில் மூவர் ஒரே சாக்கடைக் குழியில் மாண்டனர். 2013 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வேலைக்கு ஆளை இறக்குவதைக் குற்றமாக்கிற்று. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறப்புக்கான இழப்பீட்டை முப்பது லட்சமாக உயர்த்திற்று. 2025 சனவரியில் பெங்களூர் உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் இதனை அறவே நிறுத்த ஆணையிட்டது. யாராவது இறங்குவதைக் கண்டால் தடுத்து, குடிநீர் வாரியத்தின் இயந்திர வண்டியை வரவழையுங்கள்.

அண்ணனின் கதைக்கு வருகின்றேன். குதிகாலில் தகடும் திருகும் வைத்தனர். வீட்டுக்காரர் தம் பங்குக்குக் கொடுத்தார். நம் மன்றத்து நண்பர்கள் பதினோரு பேர் சேர்ந்து கொடுத்ததை இங்கே நன்றியோடு சொல்கின்றேன். எனினும் ஆறு மாத வருவாய் போயிற்று. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. சட்டப்படி, 18 முதல் 60 வயதுக்குள், கடந்த பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் நல வாரியத்தில் பதியலாம். விபத்துக்கு உதவி பெறலாம். இருபது ஆண்டாக இந்நகரில் சுவர் எழுப்பிய அவர் பதிந்திருக்கவில்லை. விண்ணப்பம் கன்னடத்தில் இருந்தது, நிரப்பித் தர ஆள் இல்லை. கன்னடம் படிக்கத் தெரிந்த நம் மாணவர் எத்தனை பேர்! ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் அந்தத் தேநீர்க் கடையில் அமர்ந்தால் எத்தனை படிவம் நிரப்பலாம்! இப்போது நாங்கள் மூவர் அமர்கின்றோம். இதுவரை பத்தொன்பது பேருக்கு எழுதியாயிற்று. வேலைச் சான்றில் கையெழுத்திட மேஸ்திரிகள் தயங்குவதுதான் பெரிய இடர்.

இவ்வாண்டு ஏப்ரலில், கோடை மழைக்கு முன், தூம்பை மறுபடியும் துலக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் துவைகல்லைப் பெயர்த்து மறுபக்கம் வைத்துவிட்டார். தரையைப் பாசி போகத் தேய்த்து, சுவரிலிருந்து 97 செ.மீ. தள்ளிச் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு இழுத்தேன். அண்ணனின் மூத்த மகன் ஏறுவதாக இருந்தான். அண்ணன் கைத்தடியோடு வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்தார். பையன் ஏணியை வைத்தான். நான் கைப்பேசியை அறையிலேயே விட்டுவிட்டு வந்து அடிப்படியில் ஏறி நின்றேன்.

“எறங்கு தம்பி” என்றார் அண்ணன்.

இறங்கினேன்.

“கோட்டுக்கு ரெண்டு வெரக்கடை வெளிய நிக்குது. உள்ள தள்ளு. அப்பறம் ஏறி நில்லு.”